124 செக்கன்களும் ஒரு பூட்டிய அறையும்

2005ஆம் ஆண்டு பெப்ரவரி 4. ஹம்பேர்க்கில் ஒரு இத்தாலியன் றெஸ்ரோறண்டின் குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஜேர்மனிக்கு வந்து ஐந்து வருடம். விசா இல்லை. 'டுல்டுங்' என்று ஒரு கடுதாசி மட்டும் கையில். நாடு கடத்துவதைக் கொஞ்சக் காலம் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். சில மாதங்களுக்கு ஒருக்கால் போய், வரிசையில் நின்று, புதுச் சீல் குத்துவித்துக்கொண்டு வரவேண்டும். அந்தக் காலத்தில் என் நெஞ்சுக்குள் எப்பவும் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

குசினி ரேடியோவில் செய்தி போனது. எங்கள் பெரிய சமையல்காரர், அறுபது வயது தாண்டிய ஹம்பேர்க்காரர், கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மக்ஸ் ஷ்மெலிங் செத்துப்போனார். வயது 99. பெப்ரவரி 2ஆம் திகதியே இறந்துவிட்டார், செய்தி அன்றைக்குத்தான் வெளியில் வந்தது.

"ஆர் அது?" என்று கேட்டேன்.

பரிமாறுகிற பெடியன் ஒருவன் இடையில் புகுந்து, "ஹிட்லரின்ர குத்துச்சண்டைக்காரன்" என்றான். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்டும் தெரியாமல் கதைக்காதை. இந்த நாட்டிலை ஒழுங்கான மனிசர் எண்டு எண்ணினால் ஒரு கை விரலுக்குள்ளை அடங்கும், அதிலை அவர் ஒருத்தர்" என்றார். இரண்டு பேரும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை பிடிக்க, பீற்சா ஒன்று கருகிப்போனது. முதலாளி வந்து கத்தின பிறகுதான் ஓய்ந்தது.

எனக்கு விளங்கவில்லை. ஒரே மனிதனை இரண்டு பேர் இவ்வளவு வேறு மாதிரி எப்படிப் பார்க்கலாம்? எனக்குத் தெரிந்த குத்துச்சண்டை எல்லாம் முகமது அலி மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் படம் பார்த்ததை விடப் பேரைக் கேட்டதுதான் கூட. யாழ் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பாதியில் விட்டு ஓடிவந்தவன் நான். படிப்பு போனாலும் புத்தகம் தேடுகிற பழக்கம் போகவில்லை. திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். நூலகத்தில் போய்க் குந்தினேன். அன்றைக்குத் தொடங்கினது, இருபது வருடமாக அந்த மனிதன் என் தலைக்குள் இருந்து போகவில்லை.

*

மக்ஸ் ஷ்மெலிங் 1905ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28இல், ஜேர்மனியின் வடகிழக்கில் கிளைன் லுக்கோவ் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். 1930 ஜூன் 12இல் நியூயோர்க்கில் ஜாக் ஷார்க்கியோடு உலக ஹெவிவெயிற் பட்டத்துக்கு மோதினார். நாலாவது சுற்றில் ஷார்க்கி இடுப்புக்குக் கீழே அடித்துவிட்டார் என்று ஷ்மெலிங்குக்கு வெற்றி கொடுத்தார்கள். தரையில் கிடந்தபடி உலகச் சாம்பியன் ஆன மனிதன்! அதற்கு அவரை எல்லோரும் பகிடி பண்ணினார்கள். 1932இல் அதே ஷார்க்கியிடம் புள்ளிகளில் தோற்றார். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று பார்த்தவர்களில் பலபேர் சொன்னார்கள். கள்ளத்தனமாக வந்தது என்று சொன்ன பட்டம், கள்ளத்தனமாகவே போனது.

அவருடைய மனேஜர் ஜோ ஜேக்கப்ஸ். நியூயோர்க் யூதர். வாயில் எப்பவும் சுருட்டு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

குத்துச்சண்டை பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று விளங்கியது. இது கையால் செய்கிற வேலை மாதிரித் தெரியும், ஆனால் பயத்தோடு செய்கிற வேலை. 1964 பெப்ரவரியில் சொனி லிஸ்ரனோடு மோத முதல், எடை பார்க்கிற இடத்தில் முகமது அலி (அப்போது அவர் கசியஸ் கிளே) பைத்தியக்காரன் மாதிரிக் கத்தினார். நாடி பார்த்த வைத்தியர் நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றார். வழமையில் அவருக்கு 54 தான். பெடியன் பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். லிஸ்ரனும் நினைத்தார். அன்று இரவு ஆறு சுற்று முடிய, கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தது லிஸ்ரன். அலிக்குப் பயம் இருந்ததா, நடித்தாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இருந்த பயத்தை எடுத்து நடித்தார்.

மைக் ரைசனை வளர்த்த கஸ் டமாற்றோ, பயத்தை நெருப்புக்கு ஒப்பிடுவார். அடக்கி வைத்தால் சமைக்கலாம், விட்டால் வீட்டையே எரிக்கும் என்ற கருத்து. குசினியில் நிற்கிற எனக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்கும் விளங்கும். வடசென்னை குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை அது. கோதாவுக்குள் ஒருவன் தனியப் போவதில்லை, பரம்பரையின் மானத்தைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் போகிறான். அந்தப் பாரம் எதிராளியின் கையை விடக் கனமானது.

*

1935இல் அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெடியன் எல்லோரையும் விழுத்திக்கொண்டிருந்தான். ஜோ லூயிஸ். அலபாமாவில் பஞ்சுக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இருக்காது. அந்த முகம்தான் முதல் அடி. முன்னாள் சாம்பியன் பிரிமோ கார்னேராவை ஜூனில் ஆறாவது சுற்றில் முடித்தான். ஓகஸ்ரில் கிங் லெவின்ஸ்கி மணி அடிக்க முதலே பயத்தில் தோற்றுப்போனார், முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. செப்ரெம்பரில் இன்னொரு முன்னாள் சாம்பியன் மக்ஸ் பேயர் ஒரு முழங்காலில் குந்தியபடியே பத்து எண்ண விட்டார். எழும்பியிருக்கலாம், எழும்பவில்லை.

அந்த டிசெம்பரில் லூயிஸ் மோதியதை ஷ்மெலிங் பக்கத்தில் இருந்தே பார்த்தார். லூயிஸின் சண்டைப் படச்சுருள்களைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டும் பார்த்தார். வயது 30. கிழவன் என்று எழுதினார்கள். பந்தயக்காரர் பத்துக்கு ஒன்று என்று லூயிஸ் பக்கம் நின்றார்கள். பத்திரிகைக்காரர் கேட்டதற்கு ஷ்மெலிங் சொன்னது, தான் ஏதோ ஒன்றைக் கண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான்.

அவர் கண்டது இதுதான். லூயிஸ் இடக்கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் திருப்பி எடுக்கும்போது கொஞ்சம் கீழே இறக்கிவிடுவான். ஒரு கணம் தாடை திறந்திருக்கும். ஷ்மெலிங்கின் வலக்கைக்கு அந்த ஒரு கணம் போதும். மற்றவர்கள் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்தார்கள். இவர் கையைப் பார்த்தார். பயத்துக்கு மருந்து துணிச்சல் என்பார்கள். இல்லை, கவனம் என்று எனக்குப் படுகிறது.

1936 ஜூன் 19, நியூயோர்க் யாங்கி மைதானம். நாலாவது சுற்றில் லூயிஸ் விழுந்தான், எழும்பினான். அதற்குப் பிறகு எட்டுச் சுற்று நின்று அடி வாங்கினான். 12வது சுற்றில் விழுந்தது விழுந்ததுதான். ஹார்லத்தில் கறுப்பின மக்கள் வீதியில் நின்று அழுதார்கள். பேர்லினில் ஷ்மெலிங்கின் மனைவி, நடிகை அன்னி ஒண்ட்ரா, சண்டையை வானொலியில் கேட்டது கொயபெல்ஸ் வீட்டில் இருந்து. ஹிட்லர் வாழ்த்துத் தந்தி அடித்தார். ஷ்மெலிங் 'ஹின்டன்பேர்க்' ஆகாயக் கப்பலில் வீடு வந்தார். சண்டைப் படத்துக்கு, ஷ்மெலிங்கின் வெற்றி ஜேர்மனியின் வெற்றி என்ற பொருளில் பெயர் வைத்துத் தியேட்டர் தியேட்டராக ஓட்டினார்கள்.

கோதாவுக்குள் பயத்தை வென்ற மனிதன், வெளியே வந்ததும் வேறொரு பயத்தின் மடியில் போய் இருந்தார்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். 1933.

அந்த வருடம் வசந்த காலத்திலேயே ஜேர்மன் குத்துச்சண்டைச் சங்கம் யூதரை வெளியே தள்ளியது. சாம்பியன் எரிக் சேலிக் நாட்டை விட்டு ஓடினார். ஜூன் 8ஆம் திகதி நியூயோர்க்கில் ஷ்மெலிங் மக்ஸ் பேயரிடம் அடி வாங்கித் தோற்றார். பேயர் காற்சட்டையில் யூதரின் நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்த நாள், ஜூன் 9, பேர்லினில் இன்னொரு சண்டை. யொஹான் ட்ரோல்மன் என்ற சின்தி இனத்தவர். ஜிப்சி என்று ஊர் இழிவாகச் சொல்லுகிற மக்கள். லைற் ஹெவிவெயிற் தேசியப் பட்டத்துக்கு அடோல்ஃப் விற் என்பவரைச் சுற்றிச் சுற்றி ஆடி அடித்தார். தீர்ப்பு இல்லை என்று அறிவித்தார்கள். சனம் கத்திக் கூக்குரல் போட்டபிறகுதான் பட்டத்தைக் கொடுத்தார்கள். ட்ரோல்மன் சந்தோசத்தில் அழுதார். சில நாளில், கோதாவில் அழுதது சாம்பியனுக்கு அழகில்லை என்ற மாதிரிக் காரணம் சொல்லி அதைப் பறித்துவிட்டார்கள்.

ஜூலை 21இல் அவருக்கு இன்னொரு சண்டை வைத்து, உன் 'ஜிப்சி' ஆட்டம் ஆடக்கூடாது, ஜேர்மன்காரன் மாதிரி நின்று அடி என்றார்கள். அவர் தலைமயிருக்குப் பொன்னிறம் பூசி, உடம்பெல்லாம் மாவைத் தடவிக்கொண்டு வந்து, நடுக்கோதாவில் அசையாமல் நின்றார். நீங்கள் கேட்ட ஆரியன் இந்தா! ஐந்தாவது சுற்றில் விழுந்தார். பிறகு அவரை மலடாக்கினார்கள், படையில் சேர்த்தார்கள், கடைசியில் நொயென்காம வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அது இருப்பது இதே ஹம்பேர்க்கில்தான். பகல் முழுக்க வேலை செய்து எலும்பாய்ப் போனவரை, காவலாளிகள் தங்களுக்கு விளையாட்டுக்கு என்று சண்டை பிடிக்க வைத்தார்கள். 1944இல் கொன்றார்கள். பறித்த பட்டத்தை 2003இல்தான் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். எழுபது வருடம் கழித்து.

இது நடக்கும்போது ஷ்மெலிங் என்ன செய்துகொண்டிருந்தார்? பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் விசயம்.

அவர் நாஜிக் கட்சியில் கடைசி வரை சேரவில்லை. யூத மனேஜரை விலத்து என்று மேலிடம் நெருக்கியபோது விலத்தவில்லை. இது லேசான காரியம் இல்லை. ஆனால் 1935 மார்ச்சில் இதே ஹம்பேர்க்கில் ஸ்ரீவ் ஹமாஸை வென்றபோது, மண்டபம் முழுக்கக் கையை நீட்டி நாஜிப் பாட்டுப் பாட, இவரும் கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற ஜோ ஜேக்கப்ஸும் நீட்டினார், கையில் சுருட்டோடு! அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. யூதன் ஒருவன் ஹிட்லர் வணக்கம் போடுகிறான், சுருட்டுப் புகையோடு. பகிடியா, பயமா, சுற்றி நின்றவன் செய்கிறான் என்று கை தானாக எழும்பியதா? அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

அதே வருடக் கடைசியில், பேர்லின் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரிக்கலாமா என்று அமெரிக்கர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, யூத, கறுப்பின வீரர்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது என்று அவர்களிடம் போய் உறுதி சொன்னவர் ஷ்மெலிங். அது தன்னுடைய வெகுளித்தனம் என்று பிற்காலத்தில் எழுதினார். வெகுளித்தனமா? பாதி அப்படி இருக்கலாம். மற்றப் பாதிக்கு வேறு பெயர் இருக்கிறது. எல்லாம் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டினால் அடுத்த கேள்வி வரும். அந்தப் பயம் எங்களுக்குப் புதிதில்லை.

*

1936 வெற்றிக்குப் பிறகு சாம்பியன் ஜேம்ஸ் பிராடொக்கோடு மோதும் உரிமை ஷ்மெலிங்குக்குத்தான். ஆனால் பட்டம் நாஜிகளிடம் போய்விடும் என்று அமெரிக்காவில் பயந்தார்கள், பணமும் லூயிஸ் பக்கம் கூட. பிராடொக் 1937 ஜூன் 22இல் சிக்காகோவில் லூயிஸோடு மோதித் தோற்றார். லூயிஸ் உலகச் சாம்பியன். ஆனால் ஷ்மெலிங்கை வெல்லும்வரை தன்னைச் சாம்பியன் என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். விழுந்த அந்த 12வது சுற்று அவனுக்குள் முள்ளாக இருந்தது.

1938 ஜூன் 22, திரும்பவும் யாங்கி மைதானம். 70,000 சனம். வெளியே யூத அமைப்புகளின் எதிர்ப்பு. மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்ரியாவை விழுங்கியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இருந்த ஷ்மெலிங் இல்லை இது. கோதாவுக்குப் போகிற வழியில் சனம் சிகரெட் பெட்டி, வாழைப்பழத் தோல், கடுதாசிக் கோப்பை என்று எறிய, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். ஜோ ஜேக்கப்ஸை அவரது மூலையில் நிற்க விடவில்லை, நியூயோர்க் ஆணையம் வேறொரு பிரச்சினைக்காகத் தடை செய்திருந்தது. தாயும் மனைவியும் ஜேர்மனியில். வென்றால் ஹிட்லரின் வெற்றி, தோற்றால் ஹிட்லரின் முகத்தில் கரி. இரண்டில் எது நடந்தாலும் அவருக்கு என்று ஒன்றும் மிஞ்சாது.

லூயிஸ் உடுப்பு மாற்றும் அறையிலேயே நெடுநேரம் குத்திக் குத்தி வியர்த்தபடி வந்தான். அவனுக்கும் பயம் இருந்தது. தோற்கிற பயம். அவனுடைய சனம் திரும்பவும் வீதியில் நின்று அழக்கூடாதே என்ற பயம். அவன் அதை அடுப்பில் வைத்துச் சமைத்துக்கொண்டு வந்தான்.

124 செக்கன். அவ்வளவுதான். மணி அடித்து இரண்டு நிமிடமும் நாலு செக்கனும். ஷ்மெலிங் விலா ஓரத்தில் வாங்கிய ஒரு குத்தில் போட்ட சத்தம் மைதானத்துக்குக் கேட்டதாம். முதுகெலும்பில் முறிவு. மூன்று தரம் விழுந்தார். பயிற்சியாளர் மக்ஸ் மாஹோன் துவாயை எறிய, நடுவர் அதைத் தூக்கிக் கயிற்றில் போட்டுவிட்டுத் தானே நிறுத்தினார். ஜேர்மனியில் விடியப்புறம் 3 மணிக்கு எழும்பி ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியவர்கள் தேத்தண்ணி கொதிக்க முதல் திரும்பப் படுத்துவிட்டார்கள். எங்கள் சமையல்காரரின் தகப்பனும் அப்படி எழும்பினவராம். ஆரும் ஒன்றும் கதைக்கவில்லையாம்.

ஆகாயக் கப்பலில் வந்தவர் இந்த முறை ஸ்ரெச்சரில் கப்பல் ஏறினார். வரவேற்பும் இல்லை, தந்தியும் இல்லை. பிற்காலத்தில் ஷ்மெலிங், அந்தத் தோல்வி ஒரு வகையில் நல்லது என்று சொன்னார். வென்றிருந்தால் நாஜிகள் பதக்கம் குத்தித் தங்கள் ஆளாகவே ஆக்கியிருப்பார்கள், போர் முடியத் தன்னைக் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள் என்று.

*

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

அதே 1938, நவம்பர் 9 இரவு. ஜேர்மனி முழுக்க யூதரின் கடைகளை உடைத்தார்கள், தொழுகை இடங்களை எரித்தார்கள், ஆயிரக்கணக்கான ஆண்களை முகாமுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பேர்லினில் டேவிட் லெவின் என்ற யூதர் ஆண்கள் உடுப்புக்கடை வைத்திருந்தார், ஷ்மெலிங்கின் பழைய கூட்டாளி. அவர் தன்னுடைய இரண்டு பெடியன்களை, ஹென்றி, வேர்னர், 14, 15 வயது, ஷ்மெலிங்கிடம் அனுப்பினார். ஷ்மெலிங் எக்ஸெல்சியோர் ஹொட்டேலில் இருந்த தன் அறைக்குள் அவர்களை வைத்துக் கதவைப் பூட்டினார். எனக்குச் சுகமில்லை, ஒருத்தரையும் மேலே விடாதீர்கள் என்று கீழே சொல்லிவிட்டார். இரண்டு மூன்று நாள், கொஞ்சம் அடங்கும்வரை. பிறகு அந்தக் குடும்பம் நாட்டை விட்டுத் தப்பி ஷங்காய்க்குப் போனது. விசா கேட்காமல் யூதரை இறங்கவிட்ட இடம் அந்தக் காலத்தில் அதுதான்.

நாலு மாதத்துக்கு முதல் 70,000 பேருக்கு முன்னால் அவமானப்பட்ட மனிதன். நாட்டுக்கு இனித் தேவைப்படாத மனிதன். பிடிபட்டால் காப்பாற்ற ஆரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் கதவைத் திறந்தார்.

இதை முதல்தரம் வாசித்தபோது நான் நூலகத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து ஒரு சிகரெட் பத்தினேன். ஏனென்றால் எனக்கும் அந்த அறை தெரியும்.

1983 யூலை. எனக்கு ஆறு வயது. அப்பா கொழும்பில் வேலை, நாங்கள் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் எங்களைப் பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு போய், அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள். அம்மா, அப்பா, அக்கா, நான். "இருமாதையடா, இருமாதை" என்று அம்மா என் வாயைப் பொத்தியபடி இருந்தது ஞாபகம். வெளியில் ஆட்கள் வந்து கேட்ட சத்தமும் அந்த வீட்டு அன்ரி சிங்களத்தில் பதில் சொன்னதும் ஞாபகம். அவர்கள் போனபிறகு அன்ரி சோற்றுக் கோப்பையோடு உள்ளே வந்தார். கோப்பை கடகடவென்று ஆடியது. அவரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை நான் மறக்கவே இல்லை. பயமில்லாதவர்கள்தான் மற்றவரைக் காப்பாற்றுவார்கள் என்று நினைப்போம். அது பிழை. அந்த மனிசிக்கு எங்களை விடக் கூடப் பயம். எங்களுக்கு ஓடுவதற்கு வேறு வழி இல்லை, அவருக்கு இருந்தது. கதவைத் திறக்காமல் விட்டிருக்கலாம்.

ஷ்மெலிங் இந்தக் கதையை வெளியில் சொல்லிக்கொண்டு திரியவில்லை. 51 வருடம் கழித்து, 1989இல் லாஸ் வேகாஸில், பெரிய ஹொட்டேல் நிர்வாகியாக இருந்த ஹென்றி லெவின், ஷ்மெலிங்குக்கு ஒரு விருந்து வைத்து எல்லோருக்கும் முன்னால் சொன்னார். ஷ்மெலிங் கண்கலங்கியபடி இருந்தாராம், பெருமைப்படுத்துவது தனக்குப் பிடிக்காது என்றாராம்.

*

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷ்மெலிங்கைப் பாராசூட் படையில் சேர்த்து 1941 மேயில் கிரேத்தா தீவில் குதிக்க விட்டார்கள், காயப்பட்டுத் திரும்பினார். போர் முடிய பொமேர்ன் பக்கம் இருந்த வீடு வளவு எல்லாம் போய், மேற்கு நோக்கி ஓடிவந்தவர்களில் அவரும் ஒருவர். அகதி என்று பதிந்தாரோ என்னவோ, வெறுங்கையோடு வந்தவர்தான். காசுக்காக 42, 43 வயதில் திரும்பவும் கோதாவில் ஏறினார். 1948 ஒக்ரோபர் 31இல் கடைசிச் சண்டை, தோல்வி. 1957இல் ஹம்பேர்க்கில் கொக்கா கோலா நிறுவனத்தின் போத்தல் அடைக்கும் உரிமை எடுத்துப் பணக்காரர் ஆனார். அதற்குக் கைகொடுத்தவர், ஒரு காலத்தில் நியூயோர்க் குத்துச்சண்டை ஆணையத்துக்குத் தலைவராக இருந்து, பிறகு கொக்கா கோலாவில் பெரிய பதவிக்குப் போன ஜேம்ஸ் பார்லி.

லூயிஸ் 12 வருடம் சாம்பியனாக இருந்தார். அந்த 124 செக்கன் அவரை அமெரிக்கா முழுவதற்கும் வீரன் ஆக்கியது. ஆனால் அதே அமெரிக்கா அவரைப் படையில் சேர்த்தபோது கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்றுதான் வைத்திருந்தது. பிறகு வருமான வரிக் கடன் கழுத்தை நெரித்தது. மல்யுத்தம் செய்தார், கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட மண்டபத்தில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றார். எதிராளியை முகத்தாலேயே பயப்படுத்திய அந்த மனிதன், தன்னைக் கொல்ல நச்சு வாயு விடுகிறார்கள் என்று பயந்து அறையின் காற்றுத் துவாரங்களை அடைத்தார். 1970இல் மனநல மருத்துவமனையில் மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். உள்ளே அடைத்து வைத்த பயம் எப்பவோ ஒருநாள் வெளியே வரத்தான் செய்யும். எங்கள் ஆட்களிலும் எத்தனை பேரை அப்படிப் பார்த்தோம். ஹைமில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு அண்ணை இரவில் கதவுக்கு மேசையை இழுத்து வைக்காமல் படுக்கமாட்டார்.

1954இல் ஷ்மெலிங் சிக்காகோவில் லூயிஸின் வீடு தேடிப் போனார். அதிலிருந்து சாகும்வரை கூட்டாளிகள். லூயிஸ் 1981 ஏப்ரல் 12இல் இறந்தபோது செத்தவீட்டுச் செலவில் ஒரு பங்கை ஷ்மெலிங் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

இங்கே ஜேர்மனியில் எங்கள் கண்முன்னாலும் ஒரு உதாரணம் இருந்தது. விளாடிமிர் கிளிச்கோ. 2003 மார்ச்சில் ஹனோவரில் கோரி சாண்டர்ஸிடம் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். அடுத்த வருடம் லமன் புரூஸ்ரரிடமும் விழுந்தார். தாடை கண்ணாடி, நெஞ்சு கோழி என்று எழுதினார்கள். 2006 ஏப்ரல் தொடக்கம் 2015 நவம்பர் வரை, டுசல்டோர்ஃபில் ரைசன் பியூரியிடம் தோற்கும்வரை, சாம்பியன். ஆனால் ஒருவரையும் கிட்ட விடாமல், கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து வென்றதால் ஆருக்கும் அவரில் பெரிய விருப்பம் இல்லை. 2017 ஏப்ரலில் லண்டனில் 90,000 பேருக்கு முன்னால், 41 வயதில், அந்தோனி ஜோசுவாவை விழுத்தி, தானும் விழுந்து, எழும்பி, 11வது சுற்றில் தோற்றார். அந்தத் தோல்வியோடுதான் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். வென்ற சண்டையெல்லாம் தராத பெயரைத் தோற்ற சண்டை கொடுத்தது.

*

சில வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஹொலன்ஸ்ரெட்டுக்குப் போனேன். ஹம்பேர்க்கிலிருந்து தெற்கே கிட்டத்தான். ஷ்மெலிங்கும் அன்னியும் அங்கேதான் அடக்கம். சின்ன ஊர். அங்கே நின்றபோது, அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. இருபது வருடமாகக் கேட்காத வேறொரு கேள்விதான் வந்தது.

83க்குப் பிறகு நாங்கள் யாழ்ப்பாணம் போய்விட்டோம். 1990 ஒக்ரோபர் 30. எனக்கு 13 வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. என் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் ஒரு முஸ்லிம் பெடியன். அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்தினார்.

ஏழு வருடத்துக்கு முன் அரிசி மூட்டை அறைக்குள் இருந்து தப்பி வந்த மனிதன். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு மூன்று பிள்ளைகள், தங்கைச்சி அப்போது கைக்குழந்தை. அன்றைக்கு எழும்பி ஏதும் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதவு சாத்திய சத்தமும் எனக்கு மறக்கவில்லை. அடுத்த நாள் வாங்கில் அவனுடைய இடம் வெறுமையாக இருந்தது. ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை, வாத்தியார் உட்பட. எல்லோருடைய கையும் உயர்ந்திருந்த ஹம்பேர்க் மண்டபம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அதனால்தான் விளங்குகிறது.

ஷ்மெலிங் ஒருநாள் கையை நீட்டினார், இன்னொரு நாள் கதவைத் திறந்தார். இரண்டும் ஒரே மனிதன்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது. எங்கள் சமையல்காரர் சொன்னதும் சரி, அந்தப் பெடியன் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. என் அப்பாவுக்கு இரண்டாவது நாள் வரவே இல்லை. 2011இல் காலமாகிவிட்டார். கடைசி வரை ரெலிபோனில் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷ்மெலிங்கின் கதையைச் சொன்னது ஷ்மெலிங் இல்லை, காப்பாற்றப்பட்ட பெடியன். வெள்ளவத்தை அன்ரியின் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவும் மறந்துவிட்டார். நாங்கள் அவருக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. அதனால் காப்பாற்றப்பட்ட பெடியன் இங்கே சொல்கிறேன்: அவர் கதவைத் திறந்தார், அவரின் கை நடுங்கியது.

மற்றக் கதையைச் சொல்லவேண்டியவன் அந்த வாங்கில் என் பக்கத்தில் இருந்தவன். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எங்கேயாவது இருந்து இதை வாசித்தால், மச்சான், நாங்கள் கதவைச் சாத்தினோம். நான் சன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.